கூந்தல் தைலமும் கட்டிலடிப் புட்டிகளும்: ஒரு விற்பனையாளர் திட்ட மதிப்புரை

ஷாப்பி, லசாடா ஆகிய இணைய விற்பனைத் தளங்களில் கடை நடத்தும் தனி விற்பனையாளர்களைச் சேர்த்து, அவர்கள் வழியே ஷாம்பூவும் கூந்தல் தைலமும் விற்கும் ஒரு நிறுவனத்தின் திட்டத்தில் ஆறு மாதங்களுக்கு முன் நானும் சேர்ந்தேன். சரக்கில் குறையில்லை, கரிசலாங்கண்ணித் தைலத்தின் மூடியைத் திறந்தாலே சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக்கடை வாசனை. சிங்கப்பூரில் அழகுசாதனப் பொருளை விற்பனைக்குக் கொண்டுவருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவிக்க வேண்டும் என்பதால் அதற்கான சான்றைக் கேட்டேன், மறுநாளே அனுப்பினார்கள். விலையில்தான் ஏமாற்றம்: குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்பதில்லை என எங்களிடம் கையெழுத்து வாங்கிய நிறுவனமே, நவம்பர் 11 அன்று வரும் 11.11 தள்ளுபடி நாளில் தன் சொந்தக் கடையில் அதைவிட 2 வெள்ளி குறைத்து விற்றது. விற்காத சரக்கைத் திரும்பப் பெறும் விதியும் ஒப்பந்தத்தில் இல்லை. கட்டிலுக்கடியில் இன்னும் 37 புட்டிகள். மூடி கசிந்த மூன்றை மட்டும் மாமியார் தீர்த்துவிட்டார்.