அரிசி டிரம்முக்குள் ஒரு ஓட்டைக் குழாய்

எங்கள் வீட்டுக்கு ஓராண்டு அரிசி தை மாதமே வந்து இறங்கிவிடும். சித்திரை பிறந்ததும் வண்டும் வந்துவிடும். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் என்று மாமியார் சொன்ன அத்தனையும் டிரம்மில் போட்டுப் பார்த்தேன். சோற்றில் வசம்பு வாடை ஏறியதுதான் மிச்சம். வாரம் ஒருமுறை முறத்தோடு மாரடித்து இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகுதான், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான பூச்சிப் பொறிக் குழாயை வாங்கினேன்.

பிரித்துக் காட்டியதும் மாமியார் கேட்டார்: “வெறும் ஓட்டைக் குழாய்க்கா காசு கொடுத்தாய்?”

ஓட்டைக் குழாய்தான். உடம்பு முழுக்க இரண்டு மில்லிமீட்டர் அளவில் துளைகள். அடியில் கழற்றி மாட்டும் கூம்பு. மருந்தில்லை, மணமில்லை, மின்சாரமில்லை. அரிசிக்குள் அடைந்து கிடக்கும் வண்டு காற்றைத் தேடி நகரும். துளை கண்டால் நுழையும். நுழைந்ததும் கீழே விழும். வழுக்கும் கூம்பில் ஏறி வர முடியாது. பூச்சியியல் பேராசிரியர் எஸ். மோகன் இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் இதை வடிவமைத்தார். முறத்தோடு இத்தனை ஆண்டு வாழ்ந்த எனக்கு இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

பல்கலைக்கழகம் கடை விரித்து உட்கார முடியாது. வடிவத்தை அங்கே உருவாக்கினார்கள். செய்து விற்பது தனியார். அந்தக் கைமாற்றத்தில் குழாய் பத்திரமாக என் சமையலறை வரை வந்து சேர்ந்துவிட்டது. பயன்படுத்தும் விதம்தான் வழியில் எங்கோ தங்கிவிட்டது. நான் வாங்கிய கடையில் கொடுத்தது மங்கிப்போன ஒரு நகல் தாள், அதுவும் ஆங்கிலத்தில். வண்டு அடியில்தானே இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, கை போகும் ஆழத்துக்குக் குழாயைப் புதைத்தேன். பத்து நாள் கழித்துக் கூம்பில் ஏழே வண்டு.

அப்புறம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போன இடத்தில் விசாரித்தேன். தொடக்கத்தில் பூச்சி நடமாட்டம் மேல் ஆறு அங்குலத்தில்தானாம். குழாய் செங்குத்தாக அங்கே நிற்க வேண்டும். இருபத்தைந்து கிலோ டப்பாவுக்கு இரண்டு மூன்று வேண்டுமாம். என் பெரிய டிரம்முக்கு ஒன்றை வைத்துக்கொண்டு குறை சொல்லியிருக்கிறேன்! இன்னும் மூன்று வாங்கி, சொன்னபடி நட்டேன். முதல் வாரம் எண்ண ஆரம்பித்து நூற்று நாற்பதோடு நிறுத்திவிட்டேன். மூன்றாம் வாரம் கூம்பில் பத்துப் பதினைந்துதான்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அரிசிக்குள் இருக்கும் முட்டையையும் புழுவையும் இது ஒன்றும் செய்யாது. அவை வளர்ந்து வண்டாகி வெளியே வந்து நடந்தால்தான் விழும். அதனால் ஒரு மாதம் வைத்து எடுத்துவிடக் கூடாது, அரிசி தீரும் வரை இருக்க வேண்டும். வண்டு மொய்த்த பிறகு வைப்பதைவிட மூட்டை பிரித்த அன்றே வைப்பது நல்லது. உளுந்து, பயறுக்கு இந்தக் குழாய் போதாது. பயறு வண்டு மேற்பரப்பிலேயே திரியும். அதற்கென்று இந்தக் குழாயும், மேலே திரியும் வண்டு விழும் குழியும் சேர்ந்த பொறி தனியாக இருக்கிறது. அதை இன்னும் வாங்கவில்லை.

துளைகளில் தவிடு அடைத்துக்கொள்ளும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் காயவைத்து நடுகிறேன். நான்கு குழாய்க்கும் ஆன செலவு, ஒரு மூட்டை அரிசியின் விலைக்குக் கிட்டேகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூம்புகளைக் கழற்றிக் கோழிகளுக்குக் கொட்டும் வேலையை இப்போது மாமியாரே எடுத்துக்கொண்டார். இந்த வாரம் நான்கு கூம்பையும் தட்டிப் பார்த்துவிட்டு, “கோழிக்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாதே” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.