சன் வைசர் ஸ்டிக்கர் எடுக்க போய் 3800 ரூபா போச்சு, கிருஷ்ணகிரி பக்கம் கார் வச்சிருக்கவங்க உஷாரா இருங்க

இப்பதான் கடைல சண்ட போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், சாப்பிடக்கூட மனசு வரல. 3800 ரூபா. வண்டில ஒரே ஒரு ஸ்டிக்கர உரிக்க 3800 ரூபா குடுத்திருக்கேன், இப்ப அந்த ஸ்டிக்கர் இருந்த வைசரே (வெயில் கண்ணுல அடிக்காம முன் கண்ணாடிக்கு மேல இருந்து இறக்குவோமே, அந்த மறைப்பு) என்கிட்ட இல்ல, அதுக்கு பதிலா ஸ்பீட் பிரேக்கர்ல ஏறுனா தானா கீழ விழுற ஒரு அட்டைய மாட்டி விட்டுட்டானுங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, வீட்லயே எப்படி எடுக்கறதுன்னு கடைசில சொல்றேன்.

கடை பேர் போடல. போட்டா வக்கீல் நோட்டீஸ் அது இதுன்னு ஆரம்பிப்பாங்க, அந்த தலைவலி வேற எனக்கு எதுக்கு. கிருஷ்ணகிரி டவுன்ல ஒரு கார் ஆக்சசரீஸ் கடை, சீட் கவர், மேட், ஹார்ன், மியூசிக் சிஸ்டம் எல்லாம் இருக்கும், பக்கத்துலயே ஷெட் போட்டு வாட்டர் சர்வீஸ், இப்ப போர்டுல புதுசா டீடெயிலிங்னு ஒரு வார்த்தைய வேற சேத்திருக்காங்க. இவ்ளோதான் சொல்லுவேன்.

என்னோடது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன 2018 மாடல் ஹேட்ச்பேக், ரெண்டு ஏர்பேக் இருக்கு. டிரைவருக்கு பக்கத்து சீட்டுக்கு மேல வைசர்ல மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஏர்பேக் ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க, பேபி சீட் படம் போட்டு மேல சிவப்புல குறுக்கால கோடு அடிச்சு, அதான். நான் காவேரிப்பட்டினம், மாங்கா சீசன்ல வண்டி பூரா நாளும் மண்டி வாசல்ல வெயில்லதான் நிக்கும், அந்த சூட்டுல ஸ்டிக்கரோட ஓரம் சுருண்டுகிச்சு, சுருண்டத பாப்பா நோண்டி நோண்டி பாதிய கிழிச்சிட்டா, மேல் பேப்பர் போயி அடில இருக்க பசை மட்டும் பிசுபிசுன்னு நிக்குது. தூசி, முடி எல்லாம் அதுல ஒட்டுது, வைசர இறக்குனா வீட்டம்மா கைல ஒட்டுது. பாக்கவே அசிங்கமா இருக்கும்.

அத ஏன் எடுக்கணும், சேஃப்டிக்குதான இருக்குன்னு சில பேர் சொல்லுவீங்க. தெரியும் சாமி. பின்னாடி பாத்து மாட்டுற பேபி சீட்ட முன் சீட்ல வச்சா அதோட முதுகு டேஷ்போர்டுக்கு ஒட்டுனாப்ல இருக்கும், ஏர்பேக் வெடிச்சா நேரா அந்த சீட்டத்தான் அடிக்கும், குழந்தை உயிருக்கே ஆபத்து, அதுக்குதான் அந்த ஸ்டிக்கர். எங்க வீட்ல பாப்பா எப்பவும் பின் சீட்டுதான். அதுவும் இல்லாம எனக்கு பாதி எழுத்து கிழிஞ்சு போன ஸ்டிக்கர்தான் மிச்சம் இருந்துச்சு, அத வச்சு யாரும் எதையும் படிச்சிருக்க முடியாது.

சரி கடைக்கு வர்றேன். போன உடனே அந்த ஆளு ரொம்ப மரியாதையா பேசுனாரு. எந்த ஊருன்னு கேட்டாரு, காவேரிப்பட்டினம்னு சொன்னேன், ஐயோ என் மாமியார் வீடே அங்கதான், அப்ப நீங்க எனக்கு மச்சான் முறைன்னு ஒரே சிரிப்பு. டீ சொன்னாரு. பாப்பாவுக்கு பக்கத்து கடைல இருந்து பிஸ்கட் வாங்கி குடுத்தாரு. நான் வைசர காட்டுனதும் "இதெல்லாம் ஒரு வேலையா மச்சான், அஞ்சு நிமிசம்"னு சொல்லிட்டு மேஜைக்கு அடில இருந்து ஒரு பழைய வைசர எடுத்தாரு, அதுல இதே மாதிரி ஒரு மஞ்ச ஸ்டிக்கர். லேபிள் எதுவும் இல்லாத ஒரு ஸ்பிரே பாட்டில்ல இருந்து புஸ் புஸ்ஸுன்னு ரெண்டு தடவ அடிச்சாரு, ஃபாரின் லிக்விட்னு சொன்னாரு, நகத்தால ஓரத்த தூக்கி அப்படியே உரிச்சாரு பாருங்க, ஒரு பொட்டு பசை இல்ல, தொடச்சு என் கைல குடுத்து தடவி பாக்க சொன்னாரு. வழுவழுன்னு இருந்துச்சு. கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுறாரு, கைல வேற குடுக்குறாரு, வேற யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க.

ஆனா ஸ்டிக்கர் மட்டும் தனியா பண்ண மாட்டோம், இன்டீரியர் கிளீனிங் பேக்கேஜ்ல வரும், 1300 ரூபான்னாரு. சரின்னு ஜீபேல போட்டேன். பேர் கடை பேரா வரல, ஏதோ ஒரு தனி ஆள் பேர் வந்துச்சு, கேட்டதுக்கு தம்பி நம்பர்தான் மச்சான்னாரு. பில் கேட்டேன், வண்டி எடுக்கும்போது எல்லாத்துக்கும் சேத்து ஒரே பில்லா போட்டுடலாம்னாரு. விசிட்டிங் கார்டு பின்னாடி 1300ன்னு எழுதி ஒரு சுழி போட்டு குடுத்தாரு, அவ்ளோதான் எனக்கு இருக்க ஆதாரம்.

சாயங்காலம் வண்டி எடுக்க போனா வைசர் கழட்டி பெஞ்சு மேல கெடக்கு. பாத்ததும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. சாம்பல் கலர் துணில உள்ளங்கை அகலத்துக்கு மஞ்ச கறை பரவி இருக்கு, அதுக்குள்ள கருப்பு எழுத்து கரைஞ்சு மை ஊறுன மாதிரி கோடு கோடா இறங்கி இருக்கு, நடுவுல துணி ஃபோம்ல இருந்து விட்டு கொப்பளமா எழும்பி நிக்குது. விரல வச்சு அழுத்துனா உள்ள போயிட்டு மறுபடி எழும்புது. ஒரு ஓரத்துல பிளேடு வச்சு சொரண்டுன அடையாளம், நூலு பிரிஞ்சு நிக்குது. இவ்ளோ பண்ணியும் பசை போகல, அதான் கொடுமை! வாசன வேற, பெயிண்ட் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி. ஃபாரின் லிக்விடாம். சாதா தின்னர்.

கேட்டா, காஞ்சா சரியாயிடும் மச்சான், ஒரு ராத்திரி விடுங்கன்னாரு. காலைல போனா உங்க வண்டி துணியே மட்டம், கம்பெனிக்காரன் லோக்கல் துணி போட்டிருக்கான், நாங்க என்ன பண்றதுங்கறாரு. அப்புறம் வேலைக்கு வந்த பையன் புதுசு, அவன் பண்ணிட்டான். அப்புறம் ஓனர் ஓசூர் போயிருக்காரு, அவர் வந்தாதான் பேச முடியும். அதுவரைக்கும் ஓனர் மாதிரி டீ வாங்கி குடுத்தது யாருன்னு எனக்கு இன்னும் புரியல.

கடைசில ஒரு வழிக்கு வந்தாரு. புது ஒரிஜினல் வைசர் 5000 ரூபா, பெங்களூர்ல இருந்து வரணும், பாதிய கடை போட்டுக்கும், பாதி நீங்க குடுத்துடுங்க, 2500, நமக்குள்ள லாபமெல்லாம் வேணாம்னாரு. மறுநாள் பாலக்கோட்ல சொந்தக்காரங்க வீட்டு கல்யாணம், வண்டில மேல ஸ்க்ரூ ஓட்டை தெரிய வைசர் இல்லாம நிக்குது, வீட்ல எல்லாரும் திட்டுறாங்க, குடுத்தேன். 1300உம் 2500உம் 3800 ரூபா ஆச்சு.

மாட்டுனாங்க. கலரு ஒரு ஷேடு வித்தியாசம், சரி போகட்டும்னு பாத்தேன். பழைய வைசர்ல கண்ணாடி இருந்துச்சு, இதுல இல்ல. ஏர்பேக் ஸ்டிக்கரும் இல்ல, முன் பக்கமும் இல்ல பின் பக்கமும் இல்ல. நடுவுல மாட்டுற கிளிப்புல உக்காரவே இல்ல, லூசா கெடக்கு. கல்யாணத்துக்கு போற வழில ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் பொத்துன்னு விழுந்து வீட்டம்மா நெத்தில அடிக்குது, கடைசில ஒரு ஹேர்பேண்ட் போட்டு கட்டிதான் போனோம். இதான் பெங்களூர் ஒரிஜினல்.

தர்மபுரில கம்பெனி ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டர்ல போய் விசாரிச்சேன். என் மாடலுக்கு கண்ணாடியோட, வார்னிங் ஸ்டிக்கரோட முழு வைசர் விலையே 2500க்கு கீழதான். நான் குடுத்த "பாதி"ல முழுசே வாங்கிருக்கலாம், மிச்சம் வேற இருந்திருக்கும்! வர்ற வழில ரொம்ப வருசமா சீட் கவர் தைக்கிற ஒரு பெரியவர்கிட்ட போட்டோவ காட்டுனேன், பாத்த உடனே சொல்லிட்டாரு. வைசர்ல ரெண்டு வகை இருக்காம், ரெக்சின் மாதிரி வழுவழுன்னு இருக்கறது ஒண்ணு, துணி ஒட்டுனது ஒண்ணு. ரெக்சின் வைசர்ல மருந்து மேலயே நிக்கும், தொடச்சா போயிடும். துணில அடிச்சா நேரா உள்ள இறங்கும், ஸ்டிக்கரோட மைய கரைக்கும், துணியையும் ஃபோமையும் ஒட்டி வச்சிருக்க பசையையும் சேத்து கரைக்கும், அதான் கொப்பளம். "கடைல காட்டுன வைசர் ரெக்சினா துணியா தம்பி"ன்னு கேட்டாரு. வழுவழுன்னு இருந்துச்சுன்னு மேலயே சொன்னேன்ல. அந்த டெமோ வைசர்ல ஸ்டிக்கரும் வருசக்கணக்கா வெயில்ல காஞ்சதா இருக்காது, ஒட்டி உரிச்சு ஒட்டி உரிச்சு காட்டுறதா இருக்கும்னாரு.

இன்னொன்னும் சொல்றேன், இந்த ஸ்டிக்கர் ஈசியா வரக்கூடாதுன்னேதான் ஒட்டுறாங்க. ஐநா வாகன விதி 94ல பேசஞ்சர் சைடு வைசர்ல இந்த எச்சரிக்கை நிலையா ஒட்டி இருக்கணும், வைசர ஏத்துனாலும் இறக்குனாலும் ஒண்ணாவது கண்ணுல படணும்னு இருக்கு. அமெரிக்காவுலயும் நிரந்தரமா இருக்கணும்னு விதி. சில வண்டில ஸ்டிக்கரே கெடையாது, சூடு வச்சு ரெக்சின் மேலயே அச்சடிச்சிருப்பாங்க, அத எந்த மருந்தாலயும் உரிக்க முடியாது. அஞ்சு நிமிச வேலைன்னு எவன் சொன்னாலும் அங்கயே வண்டிய திருப்பிடுங்க.

இன்னைக்கு மறுபடி போனேன். மச்சான் போயி இப்ப "சார்" ஆயிட்டேன். என் பழைய வைசரையாவது குடுங்கன்னு கேட்டேன், குப்பைல போட்டாச்சு சார்ங்கறாரு. 3800 ரூபாவுக்கு பில் குடுங்கன்னேன், பார்ட்ஸுக்கு எல்லாம் பில் வராது சார்ங்கறாரு. ஓனர் நம்பர் வாங்கி வாட்ஸப்ல போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்புனேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, கட்டவிரல் ஒண்ண அனுப்புனாரு, அதுக்கப்புறம் போன் எடுக்கல. நான் கொஞ்சம் சத்தம் போட்டதும் நாலு கஸ்டமர் முன்னாடி அந்த ஆளு சொல்றாரு, "லட்சக்கணக்குல வண்டி வச்சிருக்கீங்க, ஒரு 3800 ரூபாவுக்கு இவ்ளோ பேசறீங்களே சார்." அந்த 3800 ரூபா எனக்கு மண்டில வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு. அவனுக்கு எங்க தெரிய போகுது.

வீட்ல எப்படி எடுக்கறதுன்னு சொல்றேன்னேன், இப்ப இருக்க கோவத்துல விரிவா எழுத வரல, முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். ஹேர் டிரையர் போதும், கொஞ்ச நேரம் தூரத்துல வச்சு சூடு காட்டுங்க, பசை இளகும், ஓரத்துல இருந்து மெதுவா படுக்க வாட்டத்துல இழுங்க, விட்டு விட்டு சூடு பண்ணுங்க. கடைல வச்சிருக்க ஹீட் கன்னு கிட்ட விடாதீங்க, அது ரெக்சினயே உருக்கிடும். மிச்ச பசைக்கு ரெக்சின்னா நீலகிரி தைலம் பஞ்சுல தொட்டு தேய்ச்சா வரும், அப்புறம் சோப்பு தண்ணில தொடச்சிடுங்க. துணின்னா தைலம் வேண்டாம், எண்ண கறை நிக்கும், செல்லோ டேப்ப ஒட்டி ஒட்டி எடுங்க, பசை அதுல வந்துடும், போதும். எதுவா இருந்தாலும் முதல்ல வைசரோட பின் மூலைல, கண்ணுக்கு படாத இடத்துல தொட்டு பாத்துட்டு பண்ணுங்க. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர், பிளேடு, இது நாலும் கிட்டயே வரக்கூடாது.

கடைல குடுத்தே ஆகணும்னா வேலைய நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, உங்க வைசர்லயே ஒரு ஓரத்துல பண்ணி காட்ட சொல்லுங்க. பழைய பார்ட்ட கைல வாங்காம புதுசுக்கு காசு குடுக்காதீங்க. ஷோரூம்ல ஒரு போன் போட்டு விலை கேட்டுக்கோங்க. பில் இல்லன்னா ஜீபேல நோட்ல என்ன வேலை, எந்த வண்டின்னு எழுதி அனுப்புங்க.

2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல பில் குடுக்க மறுக்கறதே முறையற்ற வணிகம்னு போட்டிருக்கு. தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்ட்டு கம்ப்ளைண்ட் பதிய போறேன், அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் கோர்ட், 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸ் கெடையாது. வண்டிய விடறதுக்கு முன்னாடி வீட்டம்மா எடுத்த போட்டோல பழைய வைசர் கண்ணாடியோட தெளிவா தெரியுது, ஜீபே ஸ்கிரீன்ஷாட் ரெண்டும் இருக்கு. இதே மாதிரி மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டுன டெமோ வைசர் காட்டி, தம்பி நம்பர்னு சொல்லி உங்ககிட்டயும் காசு வாங்கி இருந்தாங்கன்னா உங்க பேமெண்ட் ஸ்கிரீன்ஷாட்ட எடுத்து வச்சுட்டு எனக்கு சொல்லுங்க, சேந்தே போடலாம்.