ஒரே வால்வில் திரும்பத் திரும்ப டேப்பெட் சத்தம்: அம்பாசிடர் எஞ்சின் கற்றுத் தந்தது

என் அம்பாசிடரில் இருப்பது பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். 2019-ல் ரீபோர் (சிலிண்டர்களை மறுபடி கடைவது), புது கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு) என்று முழுவதும் பிரித்துக் கட்டினோம். 2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) பக்கம் டிக் டிக்கென்று சத்தம் கிளம்பிவிட்டது. டேப்பெட் செட் செய்தால், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்தால், ஒரு வாரம் அமைதி. அப்புறம் அதே ஆறாவது வால்வில் இடைவெளி கூடிவிடும். மூன்று முறை இப்படியே போனது.

முதல் முறையே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த இடைவெளியைப் பிடித்து வைக்கும் லாக் நட் இறுக்கமாக இருந்தும் ஒரே வால்வில் இடைவெளி கூடிக்கொண்டே போனால், கீழே ஏதோ தேய்கிறது. புஷ் ராட் (கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி) பக்கத்து ராக்கர் முனையில், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றினோம். மற்ற ஏழும் ஏறக்குறைய ஒரே உயரம் எழும்பின. ஆறாவது மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. மேனிஃபோல்டைக் கழற்றி, பக்கவாட்டு மூடியைத் திறந்து டேப்பெட்டை (கேம் மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தூக்கும் துண்டு) எடுத்தால், லேசாகக் குவிந்திருக்க வேண்டிய அடிப்பாகம் குழிந்திருந்தது. கேமின் மூக்கும் (மேட்டின் உச்சி) மழுங்கிப் போயிருந்தது.

செலவை மிச்சப்படுத்தப் பழைய டேப்பெட்களையே புது கேம் மேல் வைத்துவிட்டார்கள். இந்த வகை டேப்பெட் ஓடும்போது தானும் சுழல வேண்டும். பழைய கேமில் தேய்ந்த முகம் புதியதில் சரியாகச் சுழலாது, ஒரே இடத்தில் அரைக்கும். போதாக்குறைக்கு, முதல் ஸ்டார்ட்டிலேயே கார்ப்பரேட்டரைச் சரிசெய்கிறேன் என்று அரை மணி நேரம் ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல்) விட்டோம். கேமுக்குக் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வாரியிறைக்கும் எண்ணெய்தான் முக்கிய ஆதாரம். ஐடிலில் அது போதாது.

இரண்டாம் முறை கேம், எட்டு டேப்பெட், இரண்டும் புதிது. மூக்குகளில் அசெம்பிளி பேஸ்ட் (முதல் ஓட்டத்தில் தேயாமல் காக்கும் பசை) தடவி, ஸ்டார்ட் ஆனதும் 2,000 ஆர்பிஎம் பக்கம் 20 நிமிடம் பிடித்தோம். உடனே ஆயிலும் ஃபில்டரும் மாற்றம். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்க்கை தாராளமாக உள்ள 20டபிள்யூ-50 ஆயில்தான் இன்றும் ஊற்றுகிறேன்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: சத்தத்தை அடக்க இடைவெளியைக் குறைத்து வைக்காதீர்கள். வால்வு சீட்டில் முழுதாக உட்காராமல் எரிந்துவிடும்.

இப்போது 38,000 கிலோமீட்டர் ஆகிறது. செட் செய்ய ஒன்பது கணக்குதான், திறந்திருக்கும் வால்வின் எண்ணும் செட் செய்யும் வால்வின் எண்ணும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: மூன்றாவது முழுதாகத் திறந்திருக்கும்போது ஆறாவதைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் எட்டு இடைவெளிகளையும் நோட்டில் எழுதுகிறேன். ஆறாவது இதுவரை நகரவில்லை.