அகலமா, தடிமனா, ஆழமா? வாய்ப்புற்றை அளக்கும் மூன்று வழிகள்

நாக்கின் ஓரத்தில் இரண்டு பேருக்குப் புற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 1.8 செ.மீ. அகலம். ஒன்று காலிஃபிளவர் மாதிரி மேலே பொங்கி நிற்கிறது. மற்றது நடுவில் குழிவிழுந்த சின்னப் புண். வீட்டார் பதறுவது முதலாவதைப் பார்த்துத்தான். எனக்கு இரண்டாவதுதான் கவலை தரும்.

புற்று எவ்வளவு முற்றியிருக்கிறது என்று வகைப்படுத்தும் டி.என்.எம். தரவரிசையின் 7-ஆம் பதிப்புக்கு இந்த இரண்டும் ஒன்றே. கட்டியைக் குறிக்கும் ‘டி’ எண்ணுக்கு (எண் ஏற ஏற நோய் முற்றியது) அதில் அகலம்தான் கணக்கு: 2 செ.மீ. வரை டி1, 4 செ.மீ. வரை டி2, அதற்கு மேல் டி3. ஒரு ஸ்கேல் இருந்தால் எந்த ஊர் கிளினிக்கிலும் அளந்துவிடலாம்; இந்த வசதியைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அதில் ஒரு விசித்திரமும் இருந்தது. நாக்கை வெளியே உள்ள எலும்புகளோடு பிணைக்கும் வெளித்தசையைத் தொட்டாலே டி4. அந்தத் தசைகளில் சில, நாக்கின் ஓரத்தில் மேற்பரப்புக்குக் கிட்டத்திலேயே ஓடுகின்றன. அதனால் ஆழமே போகாத கட்டிகூட டி4 ஆகிவிடும்.

2014-இல் 11 மையங்களின் 3149 நோயாளிகளை வைத்து ஒரு பன்னாட்டு ஆய்வு வந்தது. அகலத்தோடு ஆழத்தையும் சேர்த்தால் முன்கணிப்பு இன்னும் சரியாக வருகிறது என்று அது காட்டியது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த 8-ஆம் பதிப்பில் 5 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு கோடுகள் வந்தன. அகலம் 2 செ.மீ.க்குள் இருந்தாலும் ஆழம் 5 மி.மீ.ஐத் தாண்டினால் டி1 இல்லை, டி2. வெளித்தசைக் கணக்கை எடுத்துவிட்டார்கள்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தடிமனும் ஆழமும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. பழைய கட்டுரைகளே இரண்டையும் கலந்துதான் எழுதின. தடிமன் என்பது கட்டியின் மேற்பரப்பிலிருந்து அடிவரை. ஆழத்தை அளப்பது கொத்தனார் வேலை. வெட்டியெடுத்த கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்லைடில், கட்டிக்குப் பக்கத்தில் கெடாமல் இருக்கும் தோலின் அடித்தளச் சவ்வை (தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலம்) பிடித்து, அதே மட்டத்தில் கட்டியின் குறுக்கே ஒரு கோடு. இது ரசமட்டம். அந்தக் கோட்டிலிருந்து மிக அடியில் இருக்கும் புற்றுச் செல்லுக்கு நேராக ஒரு தூக்குக்குண்டு. அந்த நூலின் நீளம்தான் ஆழம்.

இப்போது நம் இரண்டு பேருக்கு வருவோம். காலிஃபிளவரின் தடிமன் 7 மி.மீ. அதில் 4 மி.மீ. கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது. ஆழம் 3தான், ஆகவே டி1. புண்ணின் தடிமன் 4 மி.மீ. மட்டுமே. ஆனால் கோட்டுக்குக் கீழே 2 மி.மீ. ஏற்கெனவே அரித்துப்போய்க் குழியாகிவிட்டது. ஆழம் 6, டி2. தடிமனை நம்பினால் வரிசை தலைகீழ். என் ஓட்டு ஆழத்துக்குத்தான். ஆனால் நாக்கின் ஓரம் வளைவானது. எந்தப் பக்கத்துத் தோலிலிருந்து கோட்டை இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை ஒரு மி.மீ. நகரும். 5 மி.மீ. எல்லையில் ஒரு மி.மீ. சின்ன விஷயமில்லை.

அப்புறம், கழுத்து. ஆரம்பநிலை வாய்ப்புற்றில், புற்று பரவக்கூடிய கழுத்து நிணநீர்க் கணுக்களை முதல் அறுவையிலேயே எடுப்பதா, கட்டி தென்பட்ட பிறகு எடுப்பதா? மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு 2015-இல் பதில் சொன்னது. மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் முதல் வழியில் 80 சதவீதம், காத்திருந்த வழியில் 67.5. இன்று பலரும் 3, 4 மி.மீ. ஆழத்திலேயே கழுத்தையும் சேர்த்து அறுக்கத் தீர்மானிக்கிறார்கள். டி1-க்கான கோடோ 5-இல் நிற்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் டி1 என்று பார்த்து நிம்மதி அடைவதைவிட, பக்கத்தில் எத்தனை மி.மீ. என்று எழுதியிருக்கிறது என்று பார்ப்பது மேல்.

கன்னத்தின் உட்புறத்துக்கும் ஈறுக்கும் இதே கோடுகளைப் போடுவது எனக்கு முழுசாக ஒப்பவில்லை. கன்னமே மெல்லியது, ஈறுக்கு அடியில் உடனே எலும்பு. நாக்கின் 6 மி.மீ.யும் கன்னத்தின் 6 மி.மீ.யும் எப்படிச் சமம்?

சரி, ஸ்லைடு வருவதே அறுவைக்குப் பிறகுதானே, அதற்கு முன்னால் எதை நம்புவது? எம்.ஆர்.ஐ. பொதுவாக ஆழத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். கட்டியைச் சுற்றிய வீக்கமும் அதில் சேர்ந்துகொள்கிறது. வெட்டியெடுத்த சதையோ, கெடாமல் இருக்கப் போட்டுவைக்கும் ஃபார்மலினில் சுருங்குகிறது. ஸ்கேனில் 8, லேபில் 6 என்று வந்தால் யாரும் தப்புச் செய்துவிட்டதாக அர்த்தமில்லை. மேலோட்டமான கட்டி எம்.ஆர்.ஐ.யில் தெரியாமலும் போகலாம். வாய்க்குள் வைக்கும் சின்ன அல்ட்ராசவுண்ட் அந்த மெல்லிய கட்டியையும் காட்டும், செலவும் குறைவு. ஆனால் அழுத்திப் பிடித்தால் கட்டி அமுங்கி, ஆழம் குறைந்து தெரியும். நாக்கின் முன்பகுதிக்கு நான் அல்ட்ராசவுண்டைத்தான் சொல்வேன். பாக்கு மென்று மென்று வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காதவருக்கு அந்தக் கருவி உள்ளேயே போகாது. அவருக்கு எம்.ஆர்.ஐ.தான்.