கல்முனை வீதி பஸ்ஸும் படுவான்கரை பஸ்ஸும்

கல்லடியில் குடியிருந்துகொண்டு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் படிப்பிக்கப் போகிறவள் நான். மட்டக்களப்பில் எந்த பஸ் எப்படி என்று கேட்டால், வீதியைப் பொறுத்து என்றுதான் சொல்வேன்.

கல்முனை வீதியில் நேரசூசியே தேவையில்லை. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எந்தப் போர்டோடு வந்தாலும் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி ஆட்களை ஏற்றிக்கொள்வார்கள். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் எதிரே வாகனம் வந்தால் இந்தக் கரையில் காத்துக் கிடக்கவேண்டியிருந்தது. 2013இல் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் பின்னால் இன்னொரு பஸ் வருவது கண்ணாடியில் தெரிந்தால் போதும், சில டிரைவர்மாருக்கு ஒரு வேகம் பிடிக்கும். பேரீச்சை மரம் நட்ட காத்தான்குடி வீதி நெரிசலில்கூட ஹோர்னிலிருந்து கை எடுக்கமாட்டார்கள். மிச்சக்காசு கேட்டால், "இறங்கக்குள்ள தாறன் டீச்சர்." மறுகா நாம்தான் ஞாபகப்படுத்தவேண்டும்.

படுவான்கரை பஸ் வேறு சாதி. ஆரையம்பதி தாண்டி மேற்கே திரும்பி மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடக்கும். 2014இல் அந்தப் பாலம் வருமுன் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் போய்வந்தோம். காற்றும் மழையும் என்றால் துறையிலேயே காத்திருப்பு. இப்போது பாலம் இருக்கிறது, பஸ்தான் காணாது. கொண்டக்டருக்கு ஆளையும் தெரியும், இறங்கும் இடமும் தெரியும். தயிர்ச் சட்டி, நெல் மூட்டை எதற்கும் முகம் சுளிக்கமாட்டார். வயதானவர் படியில் கால் வைக்கும்வரை பஸ் நிற்கும். இவ்வளவு நல்ல பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்லமுடியாது.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் தேர்த்திருவிழாவுக்குப் பாருங்கள், அதே வீதியில் பஸ்ஸுக்கு மேல் பஸ் ஓடும். பஸ் இல்லாமல் இல்லைதானே! பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. அந்த நேரத்துக்கு ஒன்றே ஒன்றைக் கூடுதலாக விட்டாலும் பிள்ளைகள் வெயிலில் நிற்கமாட்டார்கள். இப்போதைக்கு நாங்கள் மூன்று டீச்சர்மார் காசு சேர்த்து ஓட்டோவில் பிரதான வீதிக்கு வந்து, அங்கே கல்முனையிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறுகிறோம். ஓட்டோக்காசு பஸ்காசைவிடப் பல மடங்கு.