யூதர் யார் என்று கண்டுபிடித்த விதம்: நெதர்லாந்தும் பிரான்சும்

1940இல் நெதர்லாந்தைக் கைப்பற்றிய நாஜிகளுக்கு, யூதர் யார் என்று கண்டுபிடிக்கும் வேலை பாதி முடிந்தே இருந்தது. ஊராட்சிகளின் மக்கள் பதிவேட்டில் ஒவ்வொருவரின் மதமும் முகவரியும் ஏற்கெனவே இருந்தன. 1941 ஜனவரியில், தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலும் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. ஏறக்குறைய எல்லோரும் பதிந்தார்கள். பதிவுத் துறைத் தலைவர் லென்ட்ஸ், போலி செய்யக் கடினமான அடையாள அட்டையையும் வடிவமைத்துத் தந்தார். யூதர்களின் அட்டையில் 'ஜே' முத்திரை. இத்தனைக்கும் அவர் நாஜிக் கட்சிக்காரர் அல்ல, வேலையில் கறாரான அதிகாரி. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. 1943 மார்ச்சில் எதிர்ப்பாளர்கள் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். எரிந்தது ஒரு பகுதிதான்.

பிரான்சில் 1872க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்கப்படவில்லை. அதனால் 1940 இலையுதிர் காலத்தில் யூதர்களையே காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பாரிஸ் வட்டாரத்தில் சுமார் 1,50,000 பேர் வந்தார்கள். அந்தத் தகவலைக் கொண்டு துலார் என்ற காவல் துறை அதிகாரி பெயர், தெரு, தொழில், நாட்டுரிமை வாரியாக அட்டைக் கோப்பு அமைத்தார். 1942 ஜூலையில் இரண்டே நாளில் 13,000 பேரைப் பிடிக்க உதவியது அதுதான்.

நெதர்லாந்து யூதர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டார்கள், பிரான்சில் கால்வாசி. பதிவேடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பிரான்ஸ் பெரிய நாடு, ஒளிய மலையும் கிராமமும் உண்டு, தெற்குப் பகுதி 1942 நவம்பர் வரை ஜெர்மானியர் கையில் இல்லை. ஆனாலும் ஒளிய நினைத்த டச்சு யூதருக்கு முதல் தடை அவருடைய சொந்த அடையாள அட்டைதான்.