ஒரே முகாம், இரண்டு ஆல்பங்கள்

1944 கோடையில், போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் மரண முகாமில் எடுத்த படங்கள் கொண்ட இரண்டு ஆல்பங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. இரண்டுமே முகாமை நடத்திய எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் தரப்பு தொகுத்தவை. ஆனால் காட்டுவது வேறு வேறு.

முதலாவது, ஆஷ்விட்ஸ் ஆல்பம். ஹங்கேரியிலிருந்து ரயிலில் வந்திறங்கிய யூதர்கள், மேடையில் யார் வேலைக்கு, யார் சாவுக்கு என்று நடக்கும் தரம்பிரிப்பு, முகாமின் பிர்கெனாவ் பகுதியில் மரங்களுக்கு அடியில் காத்திருக்கும் தாய்மார்கள், குழந்தைகள். விஷவாயுக் கூடம் பக்கத்திலேயே இருந்தது அவர்களுக்குத் தெரியாது. அப்படி வந்திறங்கி உயிர்பிழைத்த லிலி யாக்கோப் என்ற இளம்பெண் 1945இல் ஜெர்மனியின் டோரா முகாமில் இதைக் கண்டெடுத்தார். புரட்டினால் சொந்தத் தம்பிகளின் முகங்கள்! இருவரும் உயிரோடு திரும்பவில்லை.

இரண்டாவது, முகாம் தளபதியின் உதவியாளர் கார்ல் ஹோக்கரின் ஆல்பம். 116 படங்கள். அதில் ஒரு கைதிகூட இல்லை. அக்கார்டியன் இசை, கூட்டுப்பாட்டு, ஓய்வு விடுதி. ஜூலை 22 அன்று, வேலிமேல் வரிசையாக உட்கார்ந்து பெண் ஊழியர்கள் கிண்ணத்தில் புளூபெர்ரி தின்கிறார்கள். தீர்ந்ததும் ஒருத்தி காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறாள்.

எதை முதலில் பார்ப்பது? என்னைக் கேட்டால் லிலியின் ஆல்பத்தைத்தான். அந்தக் குழந்தைகளின் முகம் மனதில் பதிந்த பிறகுதான் இந்தச் சிரிப்பு எவ்வளவு கொடூரமானது என்று உறைக்கும்.

ஆஷ்விட்ஸ் ஊழியர்கள்மீது ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த விசாரணைக்கு லிலியின் ஆல்பம் சாட்சியமாக வந்தது. அதே வழக்கில் ஹோக்கருக்கு 1965இல் 7 ஆண்டு சிறை. அவருடைய ஆல்பம் வாஷிங்டனிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது 2007இல்; அப்போது அவர் உயிரோடு இல்லை.